குச்சிக்கு நிழல் இல்லாத காலை

தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்காக நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு வரியோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. முப்பத்து மூன்று வருஷம் ஒன்றாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவிலேயே குப்பை கொட்டியவள் நான். பாடத்திட்டமும் பதிவேடும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தப்பு செய்வதில் மட்டும்தான் எனக்கு உங்களைவிட அனுபவம் ஜாஸ்தி. அதனால் அதையே எழுதுகிறேன்.

என் முதல் பள்ளி கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தக் கதையில் வருகிற இன்ஸ்பெக்டரின் பேரப்பிள்ளைகள் யாராவது சண்டைக்கு வருவார்கள். எழுபதுகளின் பின்பாதி அது. என் வீடு டவுனில், கோயிலுக்கு வடக்கே. மேற்கே காஞ்சி என்கிற சின்ன ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி ஒன்பதேகாலுக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் இறங்குவேன். சாயங்காலம் நாலரை மணி வண்டியைப் பிடித்துத் திரும்பிவிடுவேன். மலைக்குக் கிழக்கே என் வீடு, மேற்கே என் பள்ளிக்கூடம், நடுவில் அண்ணாமலை. இதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஈராசிரியர் பள்ளி. ஒரே ஹால், நடுவில் ஒரு கரும்பலகைதான் சுவர். அந்தப் பக்கம் நாலாவதும் ஐந்தாவதும் தலைமையாசிரியருக்கு. இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு. அவர் பாடம் நடத்தினால் என் பிள்ளைகள் கேட்பார்கள், நான் பாட்டு சொல்லிக்கொடுத்தால் அவர் பிள்ளைகள் பாடுவார்கள். தலைமையாசிரியரும் டவுனில் இருந்துதான் வருவார். கறுப்புக் குடை, வாய் நிறைய வெற்றிலை, சட்டைப் பையில் இரண்டு இங்க் பேனா. நல்ல மனுஷர். பயந்த மனுஷரும்கூட.

அவருடைய பயத்துக்கு ஒரு பச்சை இரும்புப் பெட்டியே சாட்சி. அறிவியல் சொல்லிக்கொடுக்க அரசு கொடுத்தது. உள்ளே பூதக்கண்ணாடி, காந்தம், சின்னத் தராசு, மீட்டர் ஸ்கேல் எல்லாம் உண்டு. எதையாவது பிள்ளைகள் உடைத்துவிட்டால் மேலே யார் பதில் சொல்வது என்று, வந்த அன்றைக்கே பூட்டியவர்தான், சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். நான் கேட்கும்போதெல்லாம், “பெட்டி நல்லபடியா இருக்குதும்மா, அதுவே பெருசு” என்பார். அறிவியல் பத்திரமாக இருந்தது. பிள்ளைகள்தான் வெளியே இருந்தார்கள்.

சரி, நமக்குக் கொட்டாங்குச்சி இருக்கிறது, குடம் இருக்கிறது என்று நானே ஆரம்பித்தேன். முதல் வருஷமே ஒரு நாள் மண் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, எது மிதக்கும் எது மூழ்கும் என்று பார்க்கலாம், ஆளுக்கொரு சாமான் கொண்டுவாருங்கள் என்றேன். கத்தரிக்காய், கோலி, எருமுட்டை, அப்பாவின் பீடிக் கட்டு, உயிரோடு ஒரு நத்தை எல்லாம் வந்தன. ஒரு பொருளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்து “மிதக்குமா, மூழ்குமா?” என்பேன். என் பிள்ளைகள் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னார்கள். எருமுட்டை முதலில் மிதந்து பிறகு ஊறி மூழ்கியதைக்கூடச் சரியாகச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க அதே பெருமையில் இருந்தேன்.

தலைமையாசிரியர் கரும்பலகைக்குப் பக்கவாட்டில் நின்று வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் சொன்னார்: “பசங்க தொட்டியப் பாக்கலம்மா. உங்க மூஞ்சியப் பாத்துதான் சொல்றாங்க.”

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிற மனுஷர் அறிவியலைப் பற்றி எனக்குச் சொல்கிறாரா என்று ஒரு இளக்காரம் வேறு. அவர் சொன்னது எனக்கு உறைக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. ஒரு எட்டு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டே ஓடவைத்த பிறகுதான் உறைத்தது.

அந்தப் பெண்ணின் பெயர் பச்சையம்மா. மூன்றாம் வகுப்பு. ஒல்லிக்குச்சி, எண்ணெய் வழிய இரட்டைச் சடை, எதற்கும் அவசரப்படாத நடை. ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டாள். கொஞ்ச நேரம் நம்மையே பார்ப்பாள். மந்தமோ என்று முதலில் நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை, ஏனென்றால் வகுப்பில் வேறு யாரும் அதைச் செய்ததில்லை, என்னையும் சேர்த்து.

மார்கழி மாதம். நிழல் பற்றிய பாடம். காலையில் நிழல் நீளமாக இருக்கும், மதியம் குட்டையாகும், மாலையில் மறுபடி நீளும். புத்தகத்தில் மூன்றே வரி, பக்கத்தில் ஒரு மனிதனும் மூன்று நிழலும் போட்ட படம். நான் சின்ன வயதில் படித்ததும் இதுதான். இதைப் படிக்கச் சொல்லி ஒப்பிக்கச் சொல்வதைவிட, பிள்ளைகளே அளக்கட்டும் என்று நினைத்தேன். இதுவரைக்கும் நல்ல டீச்சர்தான் நான்.

என் கையால் ஒரு சாண் உயரத்துக்கு வேப்பங்குச்சி வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். வீட்டு வாசலில் நட்டுக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை நிழலைத் தங்கள் கையால் சாண் போட்டு அளந்து சிலேட்டில் எழுதிவர வேண்டும். மதியத்து அளவைப் பள்ளிக்கூடத்து வாசலில் எல்லோரும் சேர்ந்து எடுப்போம். வீடுகளில் கடிகாரம் கிடையாது. அதனால் காலையில் முதல் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போகிற நேரத்தில் அளக்கச் சொன்னேன். அது ஏழு மணி வண்டி, தப்பாமல் வரும்.

மறுநாள் சிலேட்டுகளைப் பார்த்தேன். மதியம் சரி, சாயங்காலம் சரி. காலை என்று எழுதிய இடத்தில் இருபத்திரண்டு பேரும் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்கள்: இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டு, ஒருத்தன் எழுதியதை மற்றவர்கள் பார்த்து எழுதிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். சூரியன் வந்த பிறகு குச்சிக்கு எப்படி நிழல் இல்லாமல் போகும்? காலை நிழல்தான் இருக்கிறதிலேயே நீளமானது, புத்தகத்தைப் பாருங்கள் என்று படத்தைத் தூக்கிக் காட்டினேன். நாளைக்கு ஒழுங்காக அளந்துவாருங்கள் என்றேன்.

ஒழுங்காக அளந்துவந்தார்கள். ஏழு சாண், எட்டு சாண், ஒன்பது சாண். கடைசி வரிசைப் பையன் ஒருவன் பன்னிரண்டு சாண் எழுதியிருந்தான். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரு ‘வெரிகுட்’ போட்டேன். பன்னிரண்டு சாணுக்கும் போட்டேன்.

ஒரே ஒரு சிலேட்டில் மட்டும் காலை என்ற இடத்தில் ‘இல்லை’ என்றே இருந்தது. பச்சையம்மாவுடையது.

“பஸ் போனப்ப பாத்தேன் டீச்சர். நெழலு இல்ல” என்றாள்.

மற்ற இருபத்தொரு பேருக்கு இருந்த நிழல் உனக்கு மட்டும் எங்கே போனது என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் என்னையே பார்த்தாள், பிறகு தன் சிலேட்டைப் பார்த்தாள். மறுநாளும் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். இந்த முறை நான் செய்ததை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. அவள் சிலேட்டை வாங்கி, அந்த வார்த்தையை என் புடவைத் தலைப்பால் துடைத்து, என் கையாலேயே ‘நாலு சாண்’ என்று எழுதி, “இனிமே பொய் எழுதாதே” என்று சொல்லி அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் அன்பாகவே சொன்னேன் என்றுகூட நினைப்பு எனக்கு.

அவள் அழவில்லை. இரண்டு கையாலும் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி போய் உட்கார்ந்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நாலு நாள் ஆனது. பக்கத்து வீட்டுப் பெண்ணை விசாரித்தால், ஆடு ஓட்டிக்கொண்டு போகிறாள், இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாமாம் என்றது.

அந்த நாளில் அந்த ஊரில் ஒரு பெண் குழந்தை ஒரு வாரம் பள்ளிக்கூடம் வராமல் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டால் கதை முடிந்த மாதிரிதான். வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள், ஒரு கை கூடக் கிடைக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ஆடு கிளம்புவதற்கு முன்னால் போய்ப் பிடித்தால்தான் உண்டு. எனவே ஐந்தாம் நாள் காலை, அந்த ஏழு மணி பஸ்ஸில் நானே ஏறினேன். கெட்டிக்காரியாக நடந்துகொள், டீச்சர் சொன்னால் கேட்டுக்கொள் என்று அவளுக்குப் புத்தி சொல்வதாகத்தான் எண்ணம்.

பஸ் என்னை இறக்கிவிட்டு ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. முதலில் எனக்கு உறைத்தது குளிர். டவுனில் நான் பஸ் ஏறும்போது முதுகில் வெயில் அடித்தது. இங்கே வானம் நல்ல வெளிச்சமாக இருக்கிறது, ஆனால் தரையில் ஒரு பொட்டு வெயில் இல்லை. கூரை, வைக்கோல் போர், தெரு எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன.

பச்சையம்மாவின் அம்மா வாசலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, “வாங்க டீச்சர்” என்று சாக்கை விரித்துப் போட்டார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

“எம்பொண்ணு பொய்யே சொல்லாதுன்னு நான் சொல்லமாட்டேங்க” என்றார். “வெல்லத்தத் தின்னுட்டுத் தின்னலன்னு சொல்லும். ஆட்டக் கட்டாமயே கட்டிட்டேன்னு சொல்லும். ஆனா அந்தக் குச்சிகிட்ட மூணு நாளா குளுருல குந்திக்கினு இருந்துதே, அத நான் என் கண்ணால பாத்தேங்க. அதப் போயி பொய்யின்னுட்டீங்களே.”

வாசல் ஓரத்தில் அந்த வேப்பங்குச்சி நட்டபடியே இருந்தது. சுற்றிலும் ஒரு முழத்துக்கு மண்ணைப் பெருக்கி வைத்திருந்தாள், நிழல் விழுந்தால் தெளிவாகத் தெரியட்டும் என்று. நான் குனிந்து பார்த்தேன். நிழல் இல்லை.

நிமிர்ந்தால் எதிரே மலை. ஊருக்குக் கிழக்கே, சூரியனுக்கும் எங்களுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊர் மொத்தமும் அண்ணாமலையின் நிழலுக்குள் இருந்தது. நிழலுக்குள் நின்று குச்சிக்கு நிழல் தேடச் சொல்லியிருக்கிறேன் நான். இதில் பன்னிரண்டு சாணுக்கு வெரிகுட் வேறு.

பச்சையம்மா ஆட்டுக் கயிற்றோடு வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நிழல் இல்லையம்மா, நீ சொன்னது சரிதான் என்றேன். அவள் முகத்தில் வெற்றியெல்லாம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் வந்து, மேற்கே ஏரிக்கு அப்பால் கையைக் காட்டினாள். அங்கே தூரத்து வயல்கள் மஞ்சளாக வெயிலில் கிடந்தன.

“அங்க வந்துருச்சு பாருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க வரும்.”

உட்கார்ந்து பார்த்தோம். நான், அவள், அவள் அம்மா, மூன்று ஆடுகள். மலை நிழலின் ஓரம் வயலுக்கு வயல் பின்வாங்கி எங்களைப் பார்த்து வந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். ஏரிக் கரையைத் தாண்டியது, புளியமரத்தைத் தாண்டியது, தெருக்கோடி வீட்டின் கூரை பளிச்சென்றது. பிறகு மலையின் தோள்பட்டையில் இருந்து வெயில் நேராக எங்கள் கண்ணில் அடித்தது. மண்ணில் குச்சியின் நிழல் விழுந்தது. பச்சையம்மா தன் கையால் அளந்தாள். நாலு சாண்.

நான் சிலேட்டில் எழுதிக் கொடுத்த அதே நாலு சாண். நான் எழுதிய எண் சரி. ஆனால் அவள் பஸ் போகும்போது பார்த்தது அது இல்லை. அவள் பார்த்ததை அழித்துவிட்டு, நான் பார்க்காததை எழுதியிருக்கிறேன். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அம்மா மல்லாட்டை முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பெரிய மனசு.

தப்பு என்னுடையது, பள்ளிக்கூடத்துக்கு வா என்று கூப்பிட்டேன். அவள் யோசித்தாள். நல்ல நேரம் எடுத்து யோசித்தாள்.

“இனிமே நான் எழுதினத அழிக்கமாட்டீங்களே?”

“அழிக்கமாட்டேன்.”

“மத்தவங்களும்?”

“மத்தவங்களும் அழிக்காம பாத்துக்கறேன்” என்றேன். வாக்குக் கொடுப்பது சுலபம், அன்றைக்கு அவளுக்குப் பதிலாக ஆடு ஓட்டப் போனவர் அவள் அம்மா.

வகுப்பில் எல்லோர் எதிரிலும் நடந்ததைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பன்னிரண்டு சாண் பையனைக் கூப்பிட்டு, இல்லாத நிழலை ஏன் அவ்வளவு நீளமாக எழுதினாய் என்று விசாரித்தேன். “நீங்கதான டீச்சர் நீளமா இருக்கும்னீங்க” என்றான். தொட்டித் தண்ணீரும் எருமுட்டையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. தலைமையாசிரியர் சொன்னது உறைத்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் வாசலில் ஒரு குச்சியை நட்டேன். ஐந்தேகால் மணி. வானம் வெளிச்சம். நிழல் இல்லை. மலை எங்களுக்கு மேற்கே அல்லவா, சாயங்கால வெயிலை அது வாங்கிக்கொண்டுவிடுகிறது. பிறந்ததில் இருந்து அதே தெருவில் வளர்ந்து, மாலையில் நிழல் நீளும் என்று ஒப்பித்துப் பரீட்சை எழுதித் தேறி, அதையே சொல்லிக்கொடுத்துச் சம்பளமும் வாங்குகிறேன். என் வாசலில் மார்கழிச் சாயங்கால நிழல் நீண்டதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதையும் பார்க்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல பாடம், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடிதம் வந்தது.

அப்போது நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். இன்ஸ்பெக்டர் பார்வைப் பதிவேட்டில் நல்லதாக நாலு வரி எழுதினால்தான் வேலை நிரந்தரம். தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மிரட்டவில்லை, கெஞ்சினார். “நெழல் பாடத்துல மட்டும் புக்குல இருக்கறத சொல்லச் சொல்லிடுங்கம்மா. ஒரே ஒரு நாள். அப்பறம் மலைய அளங்க, வானத்த அளங்க, நான் கேக்கமாட்டேன்.” எனக்காகத்தான் சொன்னார். அது தெரிந்ததால்தான் மறுப்பது கஷ்டமாக இருந்தது. பார்க்கலாம் சார் என்று மழுப்பிவைத்தேன். பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள், பச்சையம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் டவுன்காரர். பதினொரு மணிக்கு வந்து, பன்னீர் சோடா குடித்து, நாலாம் ஐந்தாம் வகுப்பை முடித்துக்கொண்டு என் பக்கம் வந்தார். வாய்பாடு கேட்டார், பாட்டுக் கேட்டார், எல்லாம் நன்றாகப் போனது. பிறகு அறிவியல் புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தார். விதி பாருங்கள், நிழல் பாடம். முதல் வரிசையில் இருந்த பச்சையம்மாவை எழுப்பினார். காலையில் நிழல் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால், கரும்பலகை ஓரத்தில் தலைமையாசிரியர் இரண்டு கையையும் அகல விரித்து ‘நீளம், நீளம்’ என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தை அவள் படித்துவிடக்கூடாது என்று நான் தலையைக் குனிந்துகொள்ளப் பார்த்தேன். பிறகு அதுவும் ஒரு ஜாடைதான் என்று தோன்றியது.

“நீ பாத்தத சொல்லும்மா” என்றேன்.

“ஏழு மணி பஸ் போறப்ப நெழலு இருக்காது சார்” என்றாள் பச்சையம்மா. “மல மறைச்சிக்கும். மலைக்கு மேல வெயிலு வந்ததும் நாலு சாண். மத்தியானம் ஒரு சாணுக்குக் கம்மி.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, கொஞ்சம் களைத்த மனுஷர். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அவளுக்கே படித்துக் காட்டினார். அவள் முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, நாளைக்குக் காலையில் ஏழு மணி பஸ்ஸில் வந்தால் காட்டுகிறேன் என்றாள். சரி வரேன் என்று சொல்லி அவள் தலையில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பதிவேட்டில் அவர் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியலில் அடிப்படை அறிவு போதாது. ஆசிரியை கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.’

தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு மூடி வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

மறுநாள் ஏழு மணி பஸ்ஸில் நான் ஏறினேன். இன்ஸ்பெக்டர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பச்சையம்மா நிற்பாள் என்றும் தெரியும். அவள் மட்டும் இல்லை, மூன்றாம் வகுப்பே பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில், குச்சியைச் சுற்றிப் பெருக்கி வைத்துவிட்டு, வரிசையாக நின்றார்கள். முன்படியில் நான் இறங்கினேன். பின்படியில் இன்னொருவர் இறங்க, இன்ஸ்பெக்டர் என்று நினைத்துப் பிள்ளைகள் அங்கே ஓடினார்கள். கறுப்புக் குடை. தலைமையாசிரியர். கையில் துணி சுற்றிய நீளமான ஒன்று. பிரித்தால், பச்சைப் பெட்டியின் மீட்டர் ஸ்கேல். முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

பச்சையம்மா பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த சார் வரேன்னாரே. பொய் சொல்லிட்டாரா டீச்சர்?”

ஒரு மாதம் முன்னால் இந்தக் கேள்வி என்னிடம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. “பொய்யின்னு சொல்லாத. அவரு இன்னும் பாக்கல, அவ்ளோதான்” என்றேன். என்னைப் பற்றியும்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்திருக்கும்.

அவள் அதையும் யோசித்தாள். பிறகு தலைமையாசிரியர் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குச்சிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். வேட்டியை மடித்துக்கொண்டு அந்த மனுஷர் மண்ணில் குந்தி உட்கார்ந்தார். குச்சியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி குச்சியைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர், என்னைப்போல ஒன்பதேகால் பஸ்ஸில். வெயில் வந்து நிழல் விழுந்ததும், யாரிடமும் கொடுக்காமல் தானே ஸ்கேலை வைத்து அளந்தார். இரண்டு முறை அளந்தார்.

ஒன்பதரைக்கு மணி அடித்தோம். அவர் பார்வைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். உங்களுக்குத் தெரிந்ததுதான், இன்ஸ்பெக்டர் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் எதிரே என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று தலைமையாசிரியர் எழுதி மேலே அனுப்ப வேண்டும். ‘குறிப்பு ஏற்கப்பட்டது, இனி கவனம் செலுத்தப்படும்’ என்று எழுதுவதுதான் ஊர் உலக வழக்கம். அவரும் பத்தொன்பது வருஷமாக அதைத்தான் எழுதிவந்தார்.

அன்றைக்கு மூடியைத் திறந்து பேனாவை உதறிவிட்டு, நிதானமாக எழுதினார்: ‘காலை ஏழு மணிக்குப் பள்ளி வளாகத்தில் குச்சிக்கு நிழல் இல்லை. நேரில் பார்க்கப்பட்டது.’ கையெழுத்துப் போட்டார். பிறகு பச்சையம்மாவைக் கூப்பிட்டு, முதலில் பார்த்தவர் கையெழுத்தும் வேண்டும் என்று பேனாவை அவளிடம் கொடுத்தார்.

என் வேலை நிரந்தரமாக இன்னும் பல மாதம் ஆனது. அதற்காக அவர் டவுன் ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தார் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதெல்லாம் இருக்கட்டும். இங்க் பேனாவை அவள் அதற்கு முன் தொட்டதில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி முடித்தாள். ‘ம்’ மேலே புள்ளி வைத்தாள். ஊதிக் காயவைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இத அழிச்சிடமாட்டாங்களே டீச்சர்?”

நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியர் சொன்னார்: “சிலேட்டு இல்லம்மா இது. இங்க்.”